மிஸ்டு கால் கொடுத்தவரை யார் திரும்ப அழைப்பது?

இந்தியாவில் ‘மிஸ்டு கால்’ என்பது பெரும்பாலும் தவறிப்போன அழைப்பைக் குறிப்பதில்லை. அது ஒரு முழு வாக்கியம். ‘வாசலுக்கு வந்துவிட்டேன்’ என்றும், ‘பத்திரமாக ஊர் சேர்ந்தேன்’ என்றும், ‘என்னிடம் காசில்லை, நீ கூப்பிடு’ என்றும் இடத்துக்கேற்பப் பொருள் தரும். இவற்றுள் மிகப் பரவலான பொருள் கடைசியில் உள்ளதுதான்: திரும்ப அழை. 2016-ஆம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம், உலக சுகாதார நிறுவனம், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஆகியவற்றின் துணையுடன் ‘எம்-டயாபடீஸ்’ திட்டத்தைத் தொடங்கியபோது இந்த வழக்கத்தையே நுழைவாயிலாகக் கொண்டது. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் நீரிழிவு பற்றிய குறுஞ்செய்திகள் வரத் தொடங்கும். செலவில்லாத, எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய பதிவுமுறை. அதைத் திட்டமிட்டவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் அங்கே ஒரு பொருள்மாற்றம் நிகழ்ந்துவிட்டது. ‘திரும்ப அழை’ என்று சொன்னவருக்கு ‘இனி அனுப்புவதைப் படித்துக்கொள்’ என்பது மறுமொழியாகக் கிடைத்தது.

இதைச் சொல்விளையாட்டு என்று தள்ளிவிட இயலாது. கைபேசிவழி நீரிழிவுக் கல்வி குறித்து இந்தியாவில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் செய்தியின் உள்ளடக்கத்தைப் பற்றியது. அச்செய்தி எத்தனை மொழிகளில், எத்தனை பேருக்குச் சென்றது என்பதைப் பற்றியது. நோயாளி திரும்பக் கேட்கும் கேள்வி எங்கே போகிறது என்பது அரிதாகவே பேசப்படுகின்றது. நீரிழிவோ நாள்தோறும் கேள்வி எழுப்பும் நோய்.

நோயின் அளவு இப்போது ஓரளவு தெளிவாகத் தெரிகின்றது. ஐ.சி.எம்.ஆர். – இந்தியாப் ஆய்வின் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர், மேலும் 13.6 கோடிப் பேர் முன்நீரிழிவு நிலையில் உள்ளனர். கோவாவில் வயதுவந்தோருள் 26.4 விழுக்காட்டினருக்கும் கேரளத்தில் 25.5 விழுக்காட்டினருக்கும் நோய் இருக்கின்றது. இவற்றைவிடக் கவலை தருவது அதே ஆய்வுக்குழு 2022-இல் வெளியிட்ட மற்றோர் எண். தமக்கு நீரிழிவு உண்டு என அறிந்தவர்களுள்ளும் 36.3 விழுக்காட்டினர் மட்டுமே இரத்தச் சர்க்கரையை நல்ல கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகிய மூன்றும் ஒருசேரக் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.7 விழுக்காட்டினர். இவர்கள் நோயை அறியாதவர்கள் அல்லர், மருத்துவரைப் பார்த்தவர்கள். மருத்துவர் அறையில் கழியும் சில நிமிடங்களுக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையே உள்ள மாதங்களில் என்ன நடக்கின்றது என்பதே சிக்கல். அந்த மாதங்களுக்குள் நுழையக்கூடிய மலிவான கருவி கைபேசி. ஆகவே அதன்மீது நம்பிக்கை வைத்ததில் தவறில்லை.

அந்த நம்பிக்கைக்குச் சான்றும் உண்டு. 2013-இல் லான்செட் குழும இதழொன்றில் வெளியான அ. இராமச்சந்திரன் குழுவினரின் ஆய்வு, தென்கிழக்கு இந்தியாவில் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்த 537 ஆண்களைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு வாழ்க்கைமுறை பற்றிய குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. ஈராண்டு முடிவில் செய்தி பெற்ற 271 பேரில் 50 பேருக்கும், பெறாத 266 பேரில் 73 பேருக்கும் நீரிழிவு தோன்றியிருந்தது. அதாவது 18 விழுக்காடும் 27 விழுக்காடும். சில வரிச் செய்திகளுக்கு இது பெரிய விளைவு. ‘குறுஞ்செய்தியால் ஒன்றும் ஆகாது’ என்று எழுத விரும்புவோர் இந்த ஆய்வைக் கடந்துதான் செல்ல வேண்டும்.

ஆனால் ஆய்வின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் சூழலை விட்டுவிடுவது கொள்கை வகுப்போரின் பழைய பழக்கம். அங்கே பங்கேற்றவர்கள் பணியிலிருந்த ஆண்கள். தமக்கென்று கைபேசி வைத்திருந்தவர்கள். ஆய்வகச் சோதனையால் ‘நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள்’ என்று நேரில் சொல்லப்பட்டவர்கள். இரு பிரிவினருக்குமே தொடக்கத்தில் நேர்முக அறிவுரை கிடைத்தது. குறுஞ்செய்தி அதற்குமேல் சேர்க்கப்பட்டது. ஒரு மனிதர் எதிரே அமர்ந்து சொன்னதைக் கைபேசி பின்னர் நினைவூட்டிக்கொண்டே இருந்தது எனலாம். அந்த முதல் உரையாடலை நீக்கிவிட்டு நினைவூட்டலை மட்டும் பல இலட்சம் பேருக்கு அனுப்பினால் அதே விளைவு வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. 2012 முதல் ஆரோக்கிய வேர்ல்டு அமைப்பு நோக்கியா நிறுவனத்தின் துணையுடன் 12 மொழிகளில் 10 இலட்சம் பேருக்குச் செய்தி அனுப்பிய முயற்சி, உணவுப் பழக்கத்தில் சில நல்ல மாற்றங்களைக் காட்டியது உண்மையே. அவை தொலைபேசியில் பங்கேற்பாளர்கள் தாமே கூறியவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மொழிகள் 12 என்பது கேட்க நிறைவாக இருக்கின்றது. மொழியியல் பயின்றவர்கள் ஐயுற வேண்டிய இடமும் அதுவே.

குறுஞ்செய்தி என்னும் வடிவம் ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்டு பிறந்தது. உரோமன் எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் இடம் பெறும். தமிழிலோ மலையாளத்திலோ இந்தியிலோ எழுதினால் அந்த இடம் 70 ஆகச் சுருங்கிவிடும். அதிலும் உயிர்மெய்யெழுத்தின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். ‘சர்க்கரையைக் குறைக்கவும்’ என்ற இரு சொற்களே 24 இடங்களை விழுங்கிவிடும். ‘நீரிழிவு நோயாளிகள்’ என்று விளித்தால் 18 போய்விடும். அதற்குமேல் நீண்டால் செய்தி துண்டாகும். அனுப்புவோருக்கு ஒவ்வொரு துண்டுக்கும் செலவு. ஆகவே இந்திய மொழிகளில் எழுதுவோர் முதலில் வெட்டுவது விளக்கத்தை, எடுத்துக்காட்டை, ‘ஏன்’ என்பதற்கான காரணத்தை. எஞ்சுவது கட்டளை. ஆங்கிலம் படிக்கும் நோயாளிக்குக் காரணமும் சேர்ந்து வர, தம் மொழியில் படிப்பவருக்கு ஆணை மட்டும் வருகின்ற இந்த ஏற்றத்தாழ்வுக்கு யாருடைய தீய எண்ணமும் காரணமன்று. எழுத்துக்குறியீட்டு முறையே காரணம். இணையச் செயலிகளில் இந்த எல்லை இல்லை. சாதாரணக் கைபேசி வைத்திருக்கும் முதியவருக்கு அது பயன்படாது.

கட்டளையின் வடிவமும் கவனிக்கத்தக்கது. ‘தவிர்க்கவும்’, ‘உட்கொள்ளவும்’, ‘மேற்கொள்ளவும்’ என்னும் ‘-வும்’ ஈற்று வியங்கோள் தமிழில் எந்த வீட்டிலும் பேசப்படுவதில்லை. அது பேருந்து நிலைய அறிவிப்பின் குரல். மின்வாரிய அட்டையின் குரல். இந்தியிலும் இதற்கு இணை உண்டு. வீட்டில் ‘கானா’ என்று வழங்கும் உண்ணுதல், மருத்துவ அறிவிப்பில் ‘சேவன்’ ஆகிவிடுகின்றது. புரியாத சொல் என்று சொல்ல முடியாது. ஆனால் படித்தவுடன் ‘இது அரசாங்கம் பேசுவது’ என்று தெரிந்துவிடும்; கடன் விளம்பரத்துக்கும் ஒருமுறைக் கடவுச்சொல்லுக்கும் நடுவில் வரும்போது இன்னும் எளிதாகக் கடந்துபோய்விடும்.

நோயின் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கின்றது. ‘மதுமேகம்’ சிறுநீரின் இனிப்பைச் சுட்டும் பெயர். வங்காளத்தின் ‘பகுமூத்திரம்’ அதன் மிகுதியைச் சுட்டுவது. தமிழின் ‘நீரிழிவு’ நீர் இறங்குவதைச் சுட்டுவது. இவை அடையாளத்தைச் சொல்லும் பெயர்கள். காரணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. இன்று நாடெங்கும் மக்கள் வழங்கும் பெயரோ ‘ஷுகர்’. இந்திக்காரரும் மலையாளியும் தெலுங்கரும் ‘எனக்கு ஷுகர் இருக்கிறது’ என்றே சொல்கின்றனர். தமிழில் ‘சுகர்’, ‘சர்க்கரை’. பெயர் ஒரு பொருளைச் சுட்டிவிட்டதால் குற்றவாளியும் அதுவே ஆகிவிடுகின்றது. தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டு மூன்று முறை சோறு வாங்கி உண்பவரை அறியாமை கொண்டவர் என்று சொல்வதற்கில்லை. அவர் நோயின் பெயருக்கு நேர்மையாக நடந்துகொள்கிறார். இதைத் திருத்த ‘மாவுச்சத்தைக் குறைக்கவும்’ என்று ஒரு செய்தி போதாது. மாவுச்சத்து எது என்று அவர் கேட்பார். சோறா? கப்பைக் கிழங்கா? புட்டா? கப்பையை விட்டுவிட்டு அதற்குப் பதில் இரண்டு கோதுமைத் தோசை உண்ணலாமா? சோறும் கப்பையும் மாவுச்சத்து என்றால் மீனோடு எதைத்தான் உண்பது? இக்கேள்விகளுக்கான விடை ஒருவரின் அடுக்களையையும் வருமானத்தையும் மாத்திரையின் அளவையும் பொறுத்தது. எழுபது குறிகளில் அடங்காது. ஏழாயிரம் குறிகளிலும் முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது.

இனி, அந்தக் கைபேசி யாருடைய கையில் இருக்கின்றது என்பது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் 54 விழுக்காட்டினர். ஊர்ப்புறத்தில் அதுவும் பாதிக்குக் கீழ். அவ்வாறு வைத்திருப்போருள்ளும் குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரிந்தவர் 71 விழுக்காட்டினர். பெருக்கிப் பார்த்தால் பத்தில் நான்கு பெண்களுக்குச் சற்றுக் குறைவாகவே ஒரு குறுஞ்செய்தியைத் தம் கைபேசியில் தாமே படிக்கின்ற நிலையில் உள்ளனர். மற்றவர்களின் செய்தி கணவரின் கைபேசிக்கோ மகனின் கைபேசிக்கோ வருகின்றது. நோயை மாமியாரிடம் சொல்லாமல் மறைத்து வாழும் மருமகளுக்கு அந்தச் செய்தி உதவியா, காட்டிக்கொடுப்பா? குரல்வழி அழைப்பு எழுத்தறிவுச் சிக்கலை ஓரளவு தீர்க்கும். கருவுற்ற தாய்மாருக்காக வாரம் ஒன்றாக 72 பதிவு அழைப்புகளை அனுப்பும் ‘கில்காரி’ திட்டம் அதை நாடு தழுவிய அளவில் செய்து காட்டியிருக்கின்றது. ஆனால் பதிவுசெய்த குரலும் கேள்வியை வாங்கிக்கொள்ளாது.

கேள்வியை வாங்கிக்கொள்ளும் வழியொன்றைக் கேரளம் முயன்று பார்த்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றிங்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்து, நீரிழிவு வரக்கூடிய அபாயம் மிகுந்த 1,007 பேரிடம் கே.ஆர். தங்கப்பன், பிரயன் ஓல்டன்பர்க் முதலானோர் நடத்திய ஆய்வு அது; பங்கேற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். முடிவுகள் 2018-இல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளியாயின. மருத்துவர் அல்லாத, அதே பகுதியில் வாழும், பயிற்சி பெற்ற சகத் தலைவர்கள் ஓராண்டுக் காலம் குழுக்கூட்டங்களை நடத்தினர். ஈராண்டு முடிவில் குழு ஆதரவு பெற்றோரில் 14.9 விழுக்காட்டினருக்கும், கையேடு மட்டும் பெற்றோரில் 17.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு தோன்றியது. இந்த வேறுபாடு புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத்தக்கதன்று.

சக ஆதரவை விரும்புவோர் இந்த வரியை வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம். அது நேர்மையன்று. நெய்யாற்றிங்கரை ஆய்வு தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. குறுஞ்செய்தி ஆய்வு எட்டியது. இரண்டையும் அருகருகே வைத்துக் ‘கைபேசி வென்றது, குழு தோற்றது’ என்று எழுதுவதும் எளிது. ஆனால் இரண்டிலும் இருந்தவர்கள் வெவ்வேறானவர்கள். முன்னதில் ஆய்வகச் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட உயர் அபாயத்தினர். பின்னதில் வயது, இடுப்புச் சுற்றளவு, குடும்ப வரலாறு, உடலுழைப்பு ஆகியவற்றைக் கூட்டும் ஒரு மதிப்பெண்ணால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அபாயம் குறைந்தவர்கள் கலந்திருக்கும்போது வேறுபாட்டைக் காட்டுவது கடினம். மேலும் நெய்யாற்றிங்கரையில் அபாய மதிப்பெண் குறைந்தது. காய்கனி உண்பது கூடியது. மதுப் பழக்கம் குறைந்தது. பெருந்திரளான மக்களிடம், மருத்துவர் அல்லாதவர்களால் இவ்வளவு நடந்தது சிறிதன்று. இரு ஆய்வுகளும் நோய் வருமுன் தடுப்பதைப் பற்றியவை என்பதையும் மறக்கலாகாது. நோய் வந்தபின் அதனோடு வாழ்வது வேறு வேலை; அங்கே நாள்தோறும் எடுக்க வேண்டிய முடிவுகள் மிகுதி.

சபரிமலைக்கு மாலையிட்டவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ‘வெறுங்காலுடன் நடக்காதீர்கள்’ என்பது நீரிழிவுக் கல்வியின் முதற்பாடங்களுள் ஒன்று. காலில் உணர்வு குறைந்தவருக்கு முள் குத்தினால் தெரியாது, புண் ஆறாது. விரதமோ காலணியை விலக்கச் சொல்கின்றது. இந்த இரண்டு கட்டளைகளுள் எது வெல்லும் என்பதில் ஐயமில்லை. நலக்கல்விச் செய்தி இங்கே திரும்பத் திரும்பத் தோற்கும். ஆனால் சென்ற ஆண்டு மலைக்குப் போய்வந்த மற்றொரு நீரிழிவுக்காரர், ‘நான் செருப்புப் போட்டுக்கொண்டுதான் ஏறினேன், குருசாமியிடம் முன்பே சொல்லிவிட்டேன், இரவில் காலைப் பார்த்துக்கொண்டேன்’ என்று சொன்னால் அது வேறு வகைக் கூற்று. ரமலான் நோன்பிலும் இதுவே. ‘எந்த மாத்திரையை எப்போது மாற்றிக்கொள்வது என்று நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன்’ என்பவரின் ஒரு வாக்கியம், ‘மருத்துவரை அணுகவும்’ என்ற பத்துச் செய்திகள் செய்யாததைச் செய்யும்.

இலக்கண நோக்கில் இந்த வேறுபாடு மிக எளியது. நிறுவனம் ஏவலில் பேசுகின்றது; சகநோயாளர் தன்மை ஒருமை இறந்தகாலத்தில் பேசுகிறார். ‘செய்யவும்’ என்பதற்கு ‘முடியாது’ என்று மறுமொழி உண்டு. ‘செய்தேன்’ என்பதை மறுப்பது கடினம், ‘எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்கத்தான் தோன்றும். சக ஆதரவின் ஆற்றல் ‘பரிவு’, ‘நெருக்கம்’ என்றெல்லாம் மங்கலாகப் பேசப்படுகின்றது. அதன் பெரும்பகுதி இந்த வினைமுற்றில் இருக்கின்றது.

அதே வினைமுற்றில் நஞ்சும் இருக்கின்றது. ‘நான் இன்சுலினை நிறுத்தினேன், பாகற்காய்ச் சாறு குடித்தேன், இப்போது நலமாக இருக்கிறேன்’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்திகள் நம்பப்படுவதும் இதே காரணத்தால்தான். முதல்வகை நீரிழிவுள்ள ஒரு பிள்ளையின் பெற்றோர் இதை நம்பி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. மருத்துவர்கள் சிலர் நோயாளர் குழுக்களைக் கண்டு அஞ்சுவது வீண் அச்சமன்று. ஆனால் குழுவைத் தவிர்ப்பதால் குழு இல்லாமல் போய்விடாது. அது ஏற்கெனவே இருக்கின்றது; குடும்பக் குழுவாக, தெருக் குழுவாக, பள்ளித் தோழர் குழுவாக. அங்கே பயிற்சி பெற்ற ஒரு சகத் தலைவரும், அவர் ஐயம் தீர்த்துக்கொள்ள அழைக்கக்கூடிய ஒரு செவிலியரும் இருக்கிறார்களா என்பதுதான் வேறுபாடு. கைபேசியின் சரியான இடம் இங்கே: நோயாளிக்கும் சகத் தலைவருக்கும், சகத் தலைவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இடையிலான நூலாக. ஒலிபெருக்கியாக அதைப் பயன்படுத்துவது அதன் திறனில் பாதியை வீணாக்குவது.

இவ்வாறு சொன்னவுடன் செலவு பற்றிய கேள்வி எழும். குறுஞ்செய்திக்குச் சில காசுகள், மனிதருக்குச் சம்பளம். கைபேசித் திட்டங்கள் அமைச்சகங்களில் விரைவாக ஒப்புதல் பெறுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ‘சக ஆதரவு’ என்ற சொல்லுக்கும் ஒரு கவர்ச்சி உண்டு: அது அன்பின் பெயரால் ஊதியத்தை மறைக்க இடம் தருகின்றது. தலைவர் அண்டை வீட்டுக்காரர்தானே, அவருக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்கலாம் அல்லவா? நெய்யாற்றிங்கரையில் ஓராண்டு நடந்த கூட்டங்களைப் பத்தாண்டு நடத்த வேண்டுமென்றால் அந்தக் கேள்விக்கு இப்போதே விடை சொல்லியாக வேண்டும்.

அந்த விடையின் ஒரு பகுதியைக் கேரளமே அண்மையில் காட்டியது. அம்மாநிலத்தில் ஆஷா பணியாளர்கள் 2022 முதல் வீடு வீடாகச் சென்று, 30 வயதைக் கடந்தோரின் வாழ்வியல் நோய் அபாயத்தை ‘ஷைலி’ என்னும் செயலியில் பதிவு செய்து வந்தனர். கேட்பவர் அதே ஊர்ப் பெண். விடை போவது கைபேசிக்குள். கைபேசியும் சக மனிதரும் ஒன்றுசேரும் ஏற்பாடு நாட்டில் எங்கேனும் ஏற்கெனவே இருக்கின்றது என்றால் அது இங்கேதான். 2025 பிப்ரவரி 10 அன்று அந்த ஆஷாக்களுள் ஒரு பகுதியினர் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்து காலவரையற்ற போராட்டத்தைத் தொடங்கினர். அப்போது அவர்களது மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய், கேட்டது 21,000. வெயிலிலும் மழையிலும் அது மாதக்கணக்கில் நீண்டது. செயலக வாசலிலிருந்து நெய்யாற்றிங்கரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர்.